மீசையில மட்டும் கை வைக்காதிய

வெட்டுறதுக்கு முடியில்லன்னு எனக்கும் தெரியும் தம்பி. என் தலை எனக்குத் தெரியாதா? நீங்க சும்மா கத்திரிய வச்சு நாலு சத்தம் குடுங்க, போதும். நாலு நாளைக்கு முந்திதான் சிரம்பான்ல ஒருத்தர் வெட்டுனாரு. அதுக்கு முந்தி கோலாலம்பூர். அதுக்கு முந்தி ஈப்போ, பினாங்கு. கிருதாவ எடுத்தாச்சு, பிடரியில சவரம் பண்ணியாச்சு. ஆமா, எல்லாம் இந்த ஒரு மாசத்துக்குள்ளதான். உங்களுது அஞ்சாவது கட. சிரிச்சுக்கோங்க. ஊரே சிரிக்கு, நீங்க ஒரு ஆள் சிரிச்சா எனக்கு என்ன குறைஞ்சா போகும்?

மீசையில மட்டும் கை வைக்காதிய. அது வேணும்.

சவம், இந்த ஆர்மோனியப் பொட்டிய எங்க வைக்க? வாசல்லயே கிடக்கட்டும். எவன் தூக்கிட்டுப் போவப் போறான், தூக்குனவனுக்குல்லா தெரியும் அதோட கனம். கப்பல்ல வரும்போது தண்ணி ஏறி நாலு கட்டை ஊமையாயிட்டு. அந்த நாலு கட்டையும் வராத பாட்டாத் தேடித் தேடிப் பாடிக்கிட்டு அலையுதேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முந்தி மனசுக்குள்ள கணக்குப் போட வேண்டியிருக்கு. பாடுறவனுக்கு இது ஒரு பொழப்பா?

எனக்குத் திருநெல்வேலி பக்கம். வேதமாணிக்கம்னு பேரு, எங்க சபையில உபதேசியார். ஐயர் கூட ஊழியத்துக்கு வந்திருக்கேன். ஐயருன்னதும் பூணூல் போட்டவர்னு நினைச்சுராதிய. எங்க பக்கம் பாதிரியார அப்பிடித்தான் சொல்லுவோம். சுவிசேஷமுத்து ஐயர். அவரு பிரசங்கம் பண்ணுவாரு, நான் பொட்டி வாசிச்சுப் பாடுவேன். மலாயா முழுக்க இருக்க நம்ம தமிழாட்களப் பாத்து வரணும்னு கிளம்பி வந்தோம். இந்த ஊருதான் கடைசி. இன்னைக்கு ஆறு மணிக்குக் கூட்டம். நாளைக்குக் காலையில சிங்கப்பூர் பஸ்ஸு, அங்க இருந்து கப்பல், நேரா ஊருதான். மெர்டேக்கா, அதான் சுதந்திர நாளு, பாத்துட்டுப் போங்களேன்னு எல்லாரும் சொல்லுதாவ. தெருத்தெருவாத் தோரணமெல்லாம் கட்டுதிய, நல்லாத்தான் இருக்கு. நான் என்ன செய்ய, சீட்டு எழுதியாச்சே.

ஐயர் நல்ல மனுசன் தம்பி. குறை சொல்லக்கூடாது. ஆனா அவருக்கு ஒரு பழக்கம். பிரசங்கத்துக்கு முந்தி சனங்களச் சிரிக்க வைக்கணும். எதச் சொல்லிச் சிரிக்க வைப்பாரு? என்னத்தான். வழியில எனக்கு நடந்த கூத்தெல்லாம் ஒண்ணு விடாமச் சொல்லுவாரு. நான் பக்கத்துல பொட்டிய வச்சுக்கிட்டு, சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி உக்காந்திருப்பேன். சனங்க ஐயரப் பாக்கும், என்னப் பாக்கும், சிரிக்கும். பெறவு நான் பாடணும். எப்பிடிப் பாட்டு வரும்?

பினாங்குல கப்பல விட்டு இறங்குனதும் நான் ரெண்டு மணி நேரம் காணாமப் போயிட்டேனாம். ஐயரும் எங்கள அழைக்க வந்த சபையாரும் வெயில்ல நின்னு தேடுதாவ. கடைசியில பாத்தா, நான் ஒரு முடிவெட்டுற கடையில கழுத்துல துணியக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். அத அவரு எப்பிடிச் சொல்லுவாரு தெரியுமா? நம்ம உபதேசியாரு மலாயாவுக்கு ஊழியத்துக்கு வந்தாரா, மாப்பிள்ளை பாக்க வாராவன்னு வந்தாரான்னு கேப்பாரு. அம்பத்தெட்டு வயசு தம்பி எனக்கு. பொம்பளையாட்களெல்லாம் முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்காவ.

அடுத்தது ஈப்போ பக்கத்துல ஒரு தோட்டம். சாயங்காலம் ஐயரு ஒரு வீட்ல ஜெபிச்சுக்கிட்டு இருக்காரு. நான் பைய நழுவி, கள்ளுக்கடைக்குப் போயிட்டேன். ஏன் கத்திரிய நிறுத்திட்டிய? குடிக்கல்ல தம்பி, ஒரு சொட்டு பட்டதில்ல. சும்மா போனேன். தோட்டத்து ஆம்பளையாள் அத்தன பேரும் வந்து கூடுற எடம் அது ஒண்ணுதானே? எந்தச் சாமியையும் கும்பிடாதவன்கூட அங்க வருவான்லா. வெள்ளைச் சட்டையும் ஆர்மோனியப் பொட்டியுமா என்னப் பாத்ததும், கூத்துக்காரன் வந்துட்டான்னு நினைச்சுட்டாவ. வாசின்னா வாசின்னு விட மாட்டேங்காவ. நான் என்ன, கூத்துப் பாட்டா பாடுவேன்? தெரிஞ்ச கீர்த்தனையப் பாடுனேன். ஒருத்தன் எந்திரிச்சு ஆடுதான். இன்னொருத்தன் என் காலப் பிடிச்சுக்கிட்டு, எங்க அம்மையப் பாக்கணும்னு அழுதான். அந்த நேரத்துலயா ஐயரு வந்து நிக்கணும்? நடுவுல நான், சுத்தி நாப்பது பேரு, பொட்டி மேல யாரோ வச்ச ஒரு கள்ளுக்கோப்பை. அது அடுத்த ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துக்கு ஆச்சு. சபையில உள்ள பெரியவர் ஒருத்தரு சிரிச்சுச் சிரிச்சு மூக்குக் கண்ணாடியக் கீழ போட்டுட்டாரு.

அத விடுங்க. சிரம்பானுக்கு வரும்போது நடந்ததுதான் எனக்குத் தாங்கல்ல. நடுவுல ஒரு சின்ன ஸ்டேஷன். வண்டி நிக்கு. ஜன்னல் வழியாப் பாக்கேன், ஒருத்தரு முதுகக் காட்டிக்கிட்டு நிக்காரு. நல்ல உயரம், தோள் கொஞ்சம் ஒரு பக்கமாச் சாஞ்சு. தலையில தொப்பி. எனக்கு என்ன தோணுச்சோ, இறங்கி ஓடிப் போயி, பின்னால இருந்து அந்தத் தொப்பிய எடுத்துட்டேன். ஆமா தம்பி, தலையில இருந்துதான். அவரு திரும்புனாரு. பாத்தா ஸ்டேஷன் மாஸ்டரு. முகம் சிவந்து போச்சு அவருக்கு. நான் தொப்பியக் கையில வச்சுக்கிட்டு, குளவி இருந்துச்சு சார்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? நான் தொப்பியத் திருப்பிக் குடுக்கதுக்குள்ள வண்டி கிளம்பிட்டு. ஐயரும் போயாச்சு, பொட்டியும் போயாச்சு. அடுத்த வண்டி வர்ற வரைக்கும் நாலு மணி நேரம், தொப்பிக்காரரு முன்னாலயே உக்காந்திருந்தேன். பாவம், அவருதான் டீ வாங்கிக் குடுத்தாரு. இன்னைக்குக் கூட்டத்துல பாருங்க, முதல்ல அதத்தான் எடுப்பாரு ஐயரு. உபதேசியாருக்கு ரயில்வே உத்தியோகத்து மேல ஒரு கண்ணுன்னு.

அவருக்கு நடந்தத மட்டும் சொல்ல மாட்டாரு. நேத்து இங்க காஜா பெராங்லயே, உங்க கடைக்கு ரெண்டு சந்து தள்ளித்தான், செட்டின்னு சொல்லுதாவளே, அந்தக் காலத்துலயே கப்பலேறி வந்து இங்க தங்குனவங்க, அவிய வீடுகளுக்குப் போனோம். வாசல்ல மாவிலை, உள்ள சாமி படம், வீட்டுக்காரர் பேரு மருதப்பன், அவரு வீட்டம்மா தெய்வானை. ஐயருக்கு ஒரே பூரிப்பு. நம்ம சனம், நம்ம பாஷைன்னு சொல்லி, உக்காந்து ஒரு மணி நேரம் பேசுதாரு. மேசையத் தட்டுதாரு, கண்ண மூடுதாரு, கையத் தூக்குதாரு. அவியளும் அவ்வளவு மரியாதையாக் கேட்டுக்கிட்டு இருந்தாவ. பலகாரம் வச்சாவ. முடிஞ்சதும் மருதப்பன் எந்திரிச்சு, பக்கத்துல இருந்த தமிழ்க்காரர் ஒருத்தர்ட்ட மலாயில ஏதோ கேட்டாரு. அவரு எங்களுக்குச் சொன்னாரு பாருங்க, இவியளுக்குத் தமிழ் தெரியாது, பல தலைமுறையா மலாய்தான், நீங்க வழி தப்பி வந்து வழி கேக்கியன்னு நினைச்சுட்டாரு, ஏன் இவ்வளவு கோவமாக் கேக்கியன்னுதான் அவருக்குப் புரியல்லன்னு. நல்லாச் சிரியுங்க, இதுக்குச் சிரிக்கலாம். பஸ்ஸு நிக்கிற எடம் வரைக்கும் அந்த மனுசன் கூடவே வந்து காட்டிட்டுப் போனாரு.

எனக்கு அங்கயும் எரிச்சல்தான். என்னமோ விசேஷ வீடு போல, ஆம்பளையாள் எல்லாரும் தலப்பா கட்டியிருந்தாவ. ஒருத்தர் தலையும் வெளிய தெரியல்ல. தெரிஞ்சா எனக்கென்னவா? சும்மா சொன்னேன். பின்கழுத்துல கத்திய பைய இழுங்க தம்பி, சிரம்பான்காரரு போட்ட காயம் இன்னும் ஆறல்ல.

தம்பிராஜாங்கிறது உங்க பேருதானே? வெளிய போர்டுல பாத்தேன். எத்தன வருசமா கட வச்சிருக்கிய? ஜப்பான்காரன் காலத்துலயுமா? அப்போ இந்த ஊர்ல உள்ள தமிழாள் தலை முக்காவாசி உங்க கைக்கு வந்திருக்கும்.

ஒண்ணு கேக்கேன். வலது காதுக்குப் பின்னால, கொஞ்சம் மேல, பிறை மாதிரி ஒரு தழும்பு. அந்த எடத்துல முடி முளைக்காது. மேல உள்ள முடி விழுந்து மூடிக்கிடும், வெட்டுறவங்க கண்ணுக்குத்தான் தெரியும். முப்பத்தேழு வயசு இருக்கும் ஆளுக்கு. அப்பிடி ஒரு தலை வந்திருக்கா?

யாருன்னா, என் மகன்தான். மாசிலாமணி. ஆனா பேர வச்சுத் தேடிப் பிரயோசனமில்ல தம்பி. கோவத்துல போனவன், பேர மாத்தியிருப்பான். முகமும் இருபது வருசத்துல மாறிருக்கும். தழும்ப மாத்த முடியாதுல்லா.

நான் போட்டதுதான் அது. கிறிஸ்மஸுக்கு முந்தின நாளு, கோயில் ஆர்மோனியத்துல காத்து நிக்கல்ல. பாத்தா துருத்தி கிழிஞ்சு கிடக்கு. இவன் யாருக்கும் தெரியாமப் பொட்டியத் திறந்து வாசிப்பான்னு எனக்குத் தெரியும். நீதானல கிழிச்சேன்னேன். இல்லப்பான்னான். பாட்டுக்காரப் பிள்ளைங்க அத்தன பேரும் நிக்காவ. கோயில்ல நின்னு பொய் சொல்லுதியான்னு, கையில இருந்த பித்தளை மணியால ஒண்ணு போட்டேன். பதினேழு வயசுப் பிள்ளை. அழல்ல. ரத்தத்தத் துடைச்சுக்கிட்டு என்ன ஒரு பார்வை பாத்தான். காயம் ஆறுன மறுநாளு ஆளக் காணல்ல. நாகப்பட்டினத்துல மலாயாக் கப்பல் ஏறுனத ஒருத்தர் பாத்திருக்காரு. அதோட சரி. ஒரு காயிதம் இல்ல.

ரெண்டு மாசம் கழிச்சு ரிப்பேர்காரர் வந்து பொட்டியப் பிரிச்சாரு. உள்ள எலி, அஞ்சு குட்டியோட.

ஆமா தம்பி, வாசல்ல கிடக்கே, அதே பொட்டிதான்.

ஐயர்ட்ட சொல்லல்ல. சொன்னா அதையும் பிரசங்கமாக்கிருவாரு. ஓடிப்போன மகன், வாசல்ல காத்துக் கிடந்த அப்பன்னு. கேக்கவங்க அழுவாவ. என் பிள்ளை ஓடிப் போகல்ல தம்பி, நான் விரட்டுனேன். ஒரு தப்பும் பண்ணாத பிள்ளை. அவன் அம்மை இன்னும் உயிரோட இருக்கா. கிளம்பும்போது ஒரு சட்டை தச்சு என் துணிப்பொட்டியில வச்சுவிட்டா. அளவு யாருதுன்னு கேட்டேன், உங்க அளவுதான், இப்போ அவனுக்கு அதுதான் சரியா இருக்கும்னா. அதப் போடாம அப்பிடியே மடிச்சு வச்சிருக்கேன். என்னப் பாத்துச் சிரிச்சுக்கிட்டுப் போகட்டும் ஐயரு. சிரிக்க வரைக்கும் எதுக்குப் போன, ஏன் தொப்பிய எடுத்தன்னு கேக்க மாட்டாருல்லா.

என்ன, யோசிக்கியளா? நல்லா யோசியுங்க. வலது காது. பிறை மாதிரி.

இல்லையா.

சரி. சரி, விடுங்க. நீங்க என்ன செய்விய. நாலு கடையிலயும் இதத்தான் சொன்னாவ. கண்ணாடியெல்லாம் காட்ட வேண்டாம், நல்லாத்தான் இருக்கும்.

என்னது, உஜோங் பாசிர்ல இன்னொரு கட இருக்கா? இங்க இருந்து நடந்தா எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மணி நேரமா? போயிருவேன். கூட்டத்துக்கு இன்னும் மூணு மணி நேரம் கிடக்கு. பொட்டி இங்கயே இருக்கட்டும். ஐயரு தேடி வந்தா, உபதேசியாரு மறுபடியும் சவரம் பண்ணப் போயிட்டாருன்னு சொல்லுங்க. அவருக்கு இன்னைக்குப் பிரசங்கத்துக்கு ஆகும்.

அங்க போயி என்னத்த வெட்டச் சொல்லுவேன்னா கேக்கிய? அதுக்குத்தான தம்பி மீசைய விடச் சொன்னேன்.