தூங்கிட்டியா?

– மெதுவா எடுக்கா. ஒயரோட சேர்ந்து என் முடியும் வருது.

– ஆடாம உக்காரு. பசை காஞ்சு போச்சு, வெந்நீர்ல ஊற வெச்சுத்தான் எடுக்கணும். நேத்து ஒட்டறப்ப மட்டும் மகாராணி மாதிரி கண்ண மூடிக்கிட்டே, சரியா? எடுக்கறப்பவும் அப்படியே இரு.

– உன் தலையில இருந்தத யாரு எடுத்தா?

– நானேதான். எனக்கென்ன, தூங்கினாத்தானே எழுந்திருக்கற வேலை? நேத்து ராத்திரியும் பொட்டுத் தூக்கம் இல்ல. உன் குறட்டையக் கேட்டுட்டே கிடந்தேன்.

– நான் பக்கத்து ரூம்லல்ல இருந்தேன்? உன் தூக்க லேப்லயே ஒரு சத்தமும் வெளிய போகாத ரூம்னு நீதானே பெருமையா சுத்திக் காட்டினே?

– உன் குறட்டை எனக்கு எங்க இருந்தாலும் கேக்கும். தலையத் திருப்பு. காதுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு.

– ஆ. விடேன், அது அங்கயே இருந்துட்டுப் போகட்டும்.

– பேச்ச மாத்தாத. முடிவு வந்தப்புறம் மூக்கச் சிந்தக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன். யாருக்கு லேசான தூக்கமோ, அம்மா அவகிட்ட. நீதானே சரின்னே?

– நீ கேட்டா எதுக்குத்தான் சரின்னு சொல்லல?

– அன்னிக்கு அம்மா கதவத் திறந்துட்டு, செருப்புகூட இல்லாம தெருமுனை வரைக்கும் போனாளே. அப்ப நீ எங்க இருந்தே?

– படுத்திருந்தேன்.

– தூங்கிட்டிருந்தே. அதச் சொல்லு. பேப்பர் போடறவர் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டிருக்காரு. ஊரான் புள்ளைக்குத் தெரியுது, பெத்த புள்ளைக்குத் தெரியல. நானா இருந்தா தாழ்ப்பாள்ல அவ கை பட்ட உடனே எழுந்திருப்பேன்.

– அன்னிக்கு ஒரு நாள் அசந்துட்டேன்கா.

– அசர்றதுக்குன்னே பொறந்தவடி நீ. தலைய வெச்சா போதும், தூக்கம் உன்னைத் தேடிட்டு வரும். நான் ஊர்ல இருக்கறவங்க தூக்கத்தையெல்லாம் ஆராய்ச்சி பண்றேன், எனக்குன்னு ஒரு கையளவு கிடைக்க மாட்டேங்குது. வயிறு எரியுமா எரியாதா? நீயே சொல்லு.

– தூக்கத்துக்கா இந்த எரிச்சல்?

– தூக்கத்துக்கு மட்டுமா? போன வாரம் வந்தேனே, அம்மா என்ன சொன்னா? 'டாக்டரம்மா வந்திருக்காங்க, நாற்காலி போடு'ன்னா. உன்னை மட்டும் குட்டி, குட்டிங்கறா. மறக்கறதுலகூட ஓரவஞ்சனை.

– அவளுக்கு மூளை கலங்கிப் போச்சு. அத எங்களுக்கு விளக்கிச் சொன்னவளே நீதானே?

– மூளை எப்படிக் கலங்கும்னு எனக்குத் தெரியும். அது ஏன் எனக்கு மட்டும் பாத்துப் பாத்துக் கலங்குதுங்கறதுதான் தெரியல.

– நான் ஒண்ணு சொல்லட்டா? திட்டாத. அம்மாவும் நானும் சேர்ந்தே உன் வீட்டுக்கு வந்துடறோம். உன் மாடி சும்மாத்தானே பூட்டிக் கிடக்கு. எங்க வீட்டுக்காரரும் கப்பல்ல ஏறினா எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது.

– வேண்டவே வேண்டாம். நீயும் வந்தா அம்மா உன் கட்டில்லதான் படுப்பா, உன் கையாலதான் சாப்பிடுவா. என் வீட்டுல நானே விருந்தாளியா நிக்கணுமா? வந்தா அம்மா மட்டும் வரட்டும், சரியா?

– சரி, விடேன்.

– சின்ன வயசுலேருந்து இதேதான். பஸ்ஸுல போனா இறங்கற இடத்துல நீ தூங்கிடுவே. அம்மா உன்னைத் தோள்ல போட்டுக்குவா. பையத் தூக்கிட்டு நான் பின்னாடியே நடக்கணும்.

– அதுல பாதி நாள் நடிப்புக்கா.

– தெரியும்டி. கண்ணிமை துடிக்குமே. நெஜமாத் தூங்கறவளுக்கு அப்படித் துடிக்காது. நீ நடிக்கறேன்னு நிரூபிக்கணும்னுதான் நான் இந்தப் படிப்பே படிச்சேன்.

– அடிப்பாவி. அதுக்காக யாராச்சும் மனுஷ மூளையப் போய்ப் படிப்பாங்களா? அம்மாகிட்ட சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே.

– சொன்னேனே. 'அவ சின்னவ, நடிச்சாத்தான் என்ன, பைய இந்தப் பக்கம் மாத்திப் புடி'ன்னா.

– சிரிப்பு மூட்டாதக்கா, தலை ஆடுது.

– எனக்குச் சிரிப்பு வரல. ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி முடிச்சுட்டு வருவாளே, வாசல்லயே ஆரம்பிச்சுடுவா. 'சின்னவளை எழுப்பாத, பெரியவளே, நீ எழுந்து தண்ணி புடி.' இன்னிக்கு வரைக்கும் அந்தக் குரல் என் காதுல இருக்கு.

– எனக்கு அந்த நைட் டியூட்டி நாளெல்லாம் பயந்ததுதான் ஞாபகம். வீட்டுல நாம ரெண்டு பேருதான். இருட்டுல தூங்காதன்னு உன்னைப் போட்டு நச்சரிச்சுட்டே இருப்பேனே.

– எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்ல. தண்ணி புடிச்சதுதான் ஞாபகம் இருக்கு. இந்தா, கடைசி ஒயரும் வந்துடுச்சு. போய்த் தலைய அலசு.

– பேராசிரியரே, உள்ள வரலாமா? உங்க பஞ்சாயத்துத் தீர்ப்பு ரெடி.

– வா ஆந்தை, உனக்காகத்தான் உக்காந்திருக்கோம். இருடி, அப்புறம் அலசலாம். இவன் என்கூடப் படிச்சவன், எதுத்த ரூம்தான். என் தலைய நானே பாத்துத் தீர்ப்புச் சொன்னா நல்லா இருக்காதுன்னு இவன்கிட்ட குடுத்தேன்.

– வணக்கம் சார். ஆந்தைன்னு கூப்பிடறாளே, கோபம் வராதா?

– பழகிடுச்சுங்க. படிக்கற காலத்துல ராத்திரி முழிச்சிருந்தவன் நான், ராத்தூக்கம் இல்லாதவங்கன்னு பேரு வாங்கினது உங்க அக்கா. அப்பவே எனக்கொரு சந்தேகம் இருந்துச்சு.

– வளவளன்னு பேசாத. முதல்ல இதுக்கு பதில் சொல்லு. ஸ்பீக்கர் வேலை செய்யலதானே? மூணு பேரு குரலையும் மாத்தி மாத்திப் போடச் சொல்லியிருந்தேன். அம்மா ஒண்ணு, எனக்கு இவ குரல், இவளுக்கு என் குரல், மூணாவது நம்ம வரவேற்புல உக்கார்ற பொண்ணு. எல்லாரும் சொல்றது ஒரே வார்த்தைதான், 'தூங்கிட்டியா?'ன்னு. ராத்திரி பூரா முழிச்சுட்டுக் கிடந்தேன், ஒரு குரலும் வரல.

– எல்லாம் வந்துச்சு பேராசிரியரே. ரெண்டு ரூமுக்கும் ஒரே நேரத்துல போச்சு. விளக்க அணைச்ச கொஞ்ச நேரத்துலயே நீங்க தூங்கிட்டீங்க. அதுவும் அடிச்சுப் போட்ட மாதிரி.

– சும்மா இரு. ஒயர்ப் பெட்டிய மாத்தி மாட்டியிருப்பே. என் மூளை அலை இவ கணக்குலயும் இவளோடது என் கணக்குலயும் போயிருக்கு.

– நானும் முதல்ல அப்படித்தான் பயந்தேன். ஆனா உங்க கணக்குல இருக்கறவங்க தூக்கத்துல பல்லக் கடிக்கறாங்க. தாடை ஒயர்ல பளிச்சுன்னு தெரியுது.

– பல்லக் கடிக்கறது அக்காதான் சார். ஸ்கூல் போற காலத்துலேருந்தே நறநறன்னு கடிப்பா.

– நான் கடிக்கறது உனக்கெப்படிடி தெரியும்? நீதான் தூங்கிடுவியே.

– நீ தூங்கினப்புறம்தான்கா நான் தூங்குவேன். நீ பல்லக் கடிக்க ஆரம்பிச்சா, சரி, அக்கா தூங்கிட்டான்னு நினைச்சுக்குவேன்.

– பொய். ஆந்தை, நான் தூங்கலடா. சத்தியமாச் சொல்றேன்.

– இதே சத்தியத்த உங்ககிட்ட எத்தனை பேரு பண்ணியிருக்காங்க? நல்லாத் தூங்கிட்டு, தூங்கவே இல்லன்னு அடிச்சுச் சொல்றவங்களப் பத்தி வருஷா வருஷம் நீங்கதானே பாடம் நடத்தறீங்க? அந்தப் பாடத்துக்கு உங்களையே உதாரணமாப் போடலாம்.

– சரி, தூங்கினேன்னே வெச்சுக்குவோம். அம்மா குரல் வந்தப்ப என்ன ஆச்சு? அத மட்டும் சொல்லு.

– உங்களுக்கா? ஒண்ணும் ஆகல. குளத்துத் தண்ணி மாதிரி கிடக்கு கோடு. தங்கச்சிக்கு, அம்மா குரல் வந்தா அத்தனை தடவையும் மூளை துள்ளி எழுந்திருக்கு. ரெண்டு மூணு தடவை கால கீழ வெச்சு எழுந்தே உக்காந்துட்டாங்க.

– ஆமா சார். கேட்டுச்சு. அவ எழுந்து வர்றாளோன்னு நினைச்சுட்டேன்.

– பெரியவ குரலுக்கு? நான் கூப்பிட்டப்ப இவ என்ன பண்ணா?

– அசையவே இல்ல. அது பாட்டுக்குத் தூக்கம் போயிட்டே இருக்கு.

– பாத்தியா? நான் கூப்பிட்டா இவளுக்குத் திரும்பிப் படுக்கக்கூடத் தோணாது. அம்மாவுக்கும் இவதான் வேணும், இவளுக்கும் அம்மாதான் வேணும். நான் நடுவுல பை தூக்கறவ. எடுத்துக்கோடி. மூளையே சொல்லிடுச்சு, அம்மா உனக்குத்தான். போய் நல்லா சந்தோஷமா இரு.

– எனக்கு சந்தோஷமா இல்லக்கா.

– ஜெயிச்சவ பேசற பேச்சா இது?

– நான் ஜெயிக்கறதுக்கு வரல. தோத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.

– என்னடி சொல்றே?

– அவ இருமினா எழுந்திருக்கேன். புரண்டா எழுந்திருக்கேன். சும்மா இருந்தா, ஏன் சும்மா இருக்கான்னு எழுந்திருக்கேன். நான் தூங்கி எவ்வளவு நாளாச்சுன்னு எனக்கே தெரியல. கதவத் திறந்துட்டுப் போனாளே, அன்னிக்குத்தான் கண்ணு தாங்காம சாஞ்சேன். அதையும் நீ ஊரெல்லாம் சொல்லிட்டே. நேத்து அம்மாவுக்குத் துணைக்கு ஆள் வெச்சுட்டு இங்க வர்றப்ப என்ன நினைச்சேன் தெரியுமா? லேபுல படுத்தாவது ஒரு ராத்திரி தூங்கலாம்னு. இங்கயும் அவ குரலப் போட்டு வெச்சிருக்கே.

– இத ஏன் முன்னாடியே சொல்லல?

– சொல்லாம என்ன? சேர்ந்து வர்றோம்னேன். நீ என்னை வேண்டாம்னுட்டே.

– எனக்கு என்னடி தெரியும். நீ தூங்கறேன்னுதானே இத்தனை வருஷமா நினைச்சுட்டிருக்கேன்.

– இப்ப நான் பேசலாமா? இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, பேராசிரியரே.

– போதும் ஆந்தை. தீர்ப்புதான் சொல்லிட்டியே.

– தங்கச்சிக்குச் சொன்னேன். உங்களுக்கு முழுசாச் சொல்லல. அம்மா குரலுக்கு நீங்க அசையல. வரவேற்புப் பொண்ணு குரலுக்கும் அசையல. தங்கச்சி குரல் வந்தா மட்டும் ஒரு தடவை விடாம உங்க மூளை துள்ளியிருக்கு. தூக்கம் கலையாமலே.

– பொறாமையில துள்ளியிருக்கும். அவ குரல் கேட்டா எனக்கு அப்படியே பத்திட்டு வருமே.

– நானும் அப்படித்தான் எழுதி வெச்சேன். அப்புறம் கட்டிலுக்கு மேல இருக்கற மைக்கப் போட்டுக் கேட்டேன். நீங்க பேசியிருக்கீங்க.

– தூக்கத்துலயா? என்ன பேசினேன், திட்டினேனா? இவ எதிர்ல போடாத. அணை அத.

– போடுங்க சார். என்னைத் திட்டறது எனக்கென்ன புதுசா?

– முதல்ல வர்றது ஸ்பீக்கர்ல தங்கச்சி. அடுத்து வர்றது உங்க அக்கா, கண்ண மூடித் தூங்கிட்டிருக்கறப்ப. ஒவ்வொரு தடவையும் இதே பதில்தான். கேளுங்க.

– தூங்கிட்டியா?

– இல்லடி. நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன். நீ தூங்கு.