'டெட்' என்றொரு இலக்கம்

வவுனியாவில் சோதனைச்சாவடி வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அக்காவும் தங்கச்சியும் நின்றார்கள். தங்கச்சி கம்பியூட்டர் படிக்கிறவள் என்பது அவர்களின் கதையிலிருந்து விளங்கியது.

"அந்தத் தாளைக் கிழிச்செறி. 'டெட்' எண்டு எழுதி, பக்கத்தில இலக்கமும் போட்டிருக்கிறாய். ஆரைக் கொல்லப் போறாய் எண்டு கேப்பாங்கள்."

"அது வகுப்பில தந்த கணக்கு அக்கா. கம்பியூட்டரில ஒன்பதுக்குப் பிறகு ஏயிலயிருந்து எஃப் வரைக்கும் எழுத்துகளும் இலக்கம்தான். அந்த ஆறு எழுத்தில மட்டும் வாற இங்கிலிஷ் சொல்லுகளைக் கண்டுபிடிச்சு, அது எந்த இலக்கமெண்டு பக்கத்தில எழுதச் சொன்னவை. நாளைக்குக் குடுக்கவேணும்."

அதற்குள் அவர்களின் முறை வந்துவிட்டது. ஆமிக்காரன் துவக்கைத் தோளுக்கு மாற்றிவிட்டு, தாளை விரித்து நெடுநேரம் பார்த்தான்.

"யார் செத்தது?" என்றான், தெரிந்த தமிழில்.

"ஒருத்தரும் இல்லை சேர். அது இலக்கம்." அக்காவுக்குச் சொன்னதையே அவனுக்கும் மெல்லச் சொன்னாள்.

அவன் அவளின் தோள்பையைக் காட்டினான். "அப்ப 'பேக்' என்ன இலக்கம்?"

"அது வராது சேர். அதில ஜி எழுத்து இருக்கு."

அக்கா அவளின் கையை இறுக்கிப் பிடித்தாள். அவன் யோசித்தான்.

"'பெட்'? படுக்கிறது."

"நாலாயிரத்து இருநூற்றுப் பதினொண்டு."

அவன் அவளின் முகத்தைப் பார்த்தபடி நின்றான். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்து, போகச் சொன்னான்.

நானும் சோதனை முடிந்து அங்கால் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தபோது, அக்கா வெறுநிலத்திலேயே இருந்தாள்.

"எப்பிடியடி உடன கணக்குப் பாத்தனி?"

"பாக்கேல்லை அக்கா. பயத்தில ஒண்டும் ஓடேல்லை. வாயில வந்த இலக்கத்தைச் சொன்னனான்."