வெட்டுக்குறியை நகர்த்தியது நானே

என் பதிவேட்டுப் பெயர் இந்த வாக்குமூலத்துடன் இணைத்த தனித்தாளில் உள்ளது. அந்தப் பெயரால் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அச்சகத்தில் லென்ஸக்கா என்று கேட்டால்தான் தெரியும். வயது நாற்பத்தேழு. அச்சகத்தின் பின்தெருவில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள மாடி வீட்டில் என் அண்ணியுடன் குடியிருக்கிறேன். லேபிள் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாக மாதிரித் தாள்களை லென்ஸ் வைத்துச் சரிபார்க்கும் வேலை செய்து வருகிறேன்.

என் அண்ணன் அதே அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். எங்கள் அச்சகத்துக்கு வேலை தரும் ஒரு மதுபான ஆலையின் லேபிள்களைப் பல வருடம் அவர்தான் அடித்தார். அந்தச் சரக்கைத்தான் குடிக்கவும் செய்தார். போன வருடம் அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்தது. குடியாலும் இது வரும் என்று டாக்டர் சொன்னபோது அண்ணன் என்னைப் பார்த்து, "அந்த லேபிள்ல இருக்கற ஒவ்வொரு எழுத்தும் நான் அடிச்சதுதான். இது மட்டும் எங்கயுமே இல்லையே" என்றார். நான்கு மாதத்தில் இறந்துவிட்டார். கடைசி மூன்று வாரம் தண்ணீர்கூட இறங்கவில்லை.

அதன் பிறகு, மதுபாட்டில்களில் "மது புற்றுநோயை உண்டாக்கும்" என்று கறுப்பு எழுத்தில் அச்சிட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆலை மேனேஜர் புதிய லேபிள் வடிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். எழுத்தின் அளவு சரியாக இருந்தது. நிறமும் சரியாக இருந்தது. ஆனால் எச்சரிக்கையை லேபிளின் இடது ஓரத்தில், இரண்டு விரல் அகலத்துக்குள் செங்குத்தாக வைத்திருந்தார்கள். இது பாட்டிலை முழுதாகச் சுற்றி ஒட்டும் லேபிள். இடது முனை முதலில் ஒட்டும். வலது முனை சுற்றி வந்து அதன்மேல் இரண்டு விரல் அகலம் ஏறி ஒட்டும். ஆக, ஒப்புதலுக்குத் தாளாக மட்டும் பார்க்கும் சுகாதாரத் துறைக்கு எச்சரிக்கை தெரியும், பாட்டிலாக வாங்குகிறவருக்குத் தெரியாது. ஒரு காலி பாட்டிலில் சுற்றிப் பார்த்து இதை உறுதி செய்துகொண்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு அந்தப் பாட்டிலை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் என்னைவிட இளையவர், மரியாதையாகத்தான் பேசினார். "போடணும்னுதானேக்கா சட்டம் சொல்லுது, தெரியணும்னா சொல்லுது? தெரிஞ்சா மட்டும் எவன் பாட்டிலைக் கீழ வைக்கப் போறான்?" என்றார். "வைக்கிறதும் வைக்காததும் குடிக்கறவங்க இஷ்டம். மறைக்க நாம யாரு?" என்று கேட்டேன். வேலையைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன்.

அதாவது, இந்த லேபிள்கள் நீளமான ரோலாக அடிக்கப்படும். ஒரு லேபிள் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சின்னக் கறுப்புக் கட்டம் ஒன்று இருக்கும். வெட்டுக்குறி என்போம். ஆலையின் ஒட்டும் இயந்திரம் அதைப் பார்த்துத்தான் வெட்டும். அச்சுப் பிளேட் போடுவதற்கு முன் கடைசியாகப் பார்ப்பவள் நான். வெட்டுக்குறியை இரண்டு விரல் அகலம், எச்சரிக்கைக்கு அந்தப் பக்கம் தெரிந்தே நகர்த்தினேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதனால் எச்சரிக்கை முந்தைய லேபிளின் வலது முனைக்குப் போய்விட்டது. ஒட்டியபோது அதுதான் மேலே ஏறி உட்கார்ந்தது. அடியில் போனவை, எச்சரிக்கைக்குப் பக்கத்தில் ஆலை தனக்குத்தானே வரைந்துகொண்ட இரண்டு தங்கப் பதக்கங்கள். எச்சரிக்கையில் ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லை.

அதன் பிறகு பத்து நாளில் பாட்டில்கள் கடைகளுக்கு வந்தன. நானும் அண்ணியும் போய்ப் பார்த்தோம். அடுக்கு முழுக்க எச்சரிக்கை தெரிந்தது. ஒருவர் பாட்டிலை எடுத்து, வாய்விட்டுப் படித்து, "இத ஏன்டா இத்தன நாளா சொல்லல?" என்று கூட வந்தவரிடம் கேட்டார். அவர் வாங்கினாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் போன பிறகு அன்றைக்குத்தான் எனக்கு நன்றாகப் பசித்தது.

அதன் பிறகு என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் இந்தக் காவல் நிலையத்தில் என்மேல் புகார் கொடுத்தார். "எங்கள் வடிவப்படி ஒட்டுக்கு அடியில் போக வேண்டிய எச்சரிக்கை, மேற்படி பெண்ணின் சதியால் அனைவரும் படிக்கும்படி வெளியே வந்துவிட்டது" என்று கோபத்தில் அவரே எழுதி, முத்திரையும் குத்தியிருக்கிறார். அதை எனக்குப் படித்துக் காட்டிய இன்ஸ்பெக்டர் அம்மா இரண்டாவது முறை தனக்காகப் படித்தார். பிறகு, "இதுல நான் யாரை விசாரிக்கறதும்மா?" என்று என்னையே கேட்டார். புகாரின் நகல் அன்றே சுகாதாரத் துறைக்குப் போனது.

இன்று காலை அங்கிருந்து உத்தரவு வந்தது. வெளியே போன பாட்டில்கள் அப்படியே இருக்க வேண்டும். ஆலையின் பழைய வடிவம் ரத்து. இனி எந்த ஆலையும் லேபிளைப் பாட்டிலில் ஒட்டித்தான் ஒப்புதலுக்குக் கொண்டுவர வேண்டும். "எந்த ஆலையும்" என்ற இடத்தைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு மேனேஜரும் முதலாளியும் சேர்ந்து இங்கே வந்தார்கள். புகாரைத் திருப்பிக் கேட்டார் மேனேஜர். அது பதிவாகிவிட்டது என்று இன்ஸ்பெக்டர் அம்மா சொல்லிவிட்டார். முதலாளி என்னிடம், "கை தவறிடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்கக்கா. நாளைக்கே வேலைக்கு வந்துடலாம்" என்றார். வேலை எனக்கு வேண்டும். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் என் கை ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று அவருக்கே தெரியும்.

மேலே கண்டவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டன, அனைத்தும் உண்மை. ஓரிடத்தில் எழுத்தர் பழக்கத்தில் "தவறுதலாக நகர்த்தினேன்" என்று எழுதியிருந்தார். அதை அடித்து "தெரிந்தே நகர்த்தினேன்" என்று மாற்றச் சொன்னேன். மாற்றிய இடத்தில் ஒரு கையெழுத்தும், முடிவில் ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

(கையெழுத்து)