தூங்குகிறவர்கள் பட்டியல்

என் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி பதிவு செய்யப்பட்டது. அலுவலகத்தில் என்னைக் ‘கணக்கு’ என்று கூப்பிடுவார்கள். வயது இருபத்தாறு. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில், மூன்றாம் மாடி ஒன்பதாம் எண் வீட்டில் அம்மாவுடனும் தம்பியுடனும் வாடகைக்கு இருக்கிறேன்.

நான் வேலை செய்யும் நிறுவனம், தனியாக வசிக்கும் வயதானவர்களுக்குக் கழுத்தில் மாட்டும் பொத்தான் ஒன்றை மாதச் சந்தாவுக்குக் கொடுக்கிறது. அழுத்தினால் எங்கள் அழைப்பு அறையில் மணி அடிக்கும், ஆள் அனுப்புவோம். சந்தா வங்கியிலிருந்து தானாக வந்துவிடும். ஒவ்வொரு முதல் தேதியும் தொடர்பவர், புதியவர், விலகியவர் எத்தனை பேர், அடுத்த மாதம் உறுதியாக வரும் தொகை எவ்வளவு என்று அட்டவணை போடுவது என் வேலை.

சென்ற வருடம் நிறுவனத்தை விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் பொத்தானைப் பார்க்கவில்லை, என் அட்டவணையைப் பார்த்தார்கள். அதன் பிறகு முதலாளி, ஏன் இத்தனை பேர் விலகுகிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். மாதம் ஒருமுறை எல்லோருக்கும் போன் செய்து, பொத்தானை அழுத்தச் சொல்லி பேட்டரியைச் சோதிப்பது வழக்கம். விலகியவர்களில் பெரும்பாலானோர் அந்தப் போன் வந்த வாரத்தில்தான் விலகியிருந்தார்கள். போன் வந்ததும்தான் பணம் போவது ஞாபகம் வந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்தது நான்.

அதன் பிறகு, ஆறு மாதமாக உதவி கேட்காதவர்களின் பெயர்களைத் தனியாக எடுக்கச் சொன்னார். “தூங்குறவங்கள எதுக்கும்மா எழுப்பிக்கிட்டு?” என்றார். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் எடுத்துக் கொடுத்தேன். அவர்களுக்குச் சோதனைப் போன் நின்றது. பணம் எடுப்பது நிற்கவில்லை. விலகியவர் எண்ணிக்கை நாற்பதிலிருந்து ஆறானது. மேல்தளத்தில் கேக் வெட்டினார்கள், எங்கள் தளத்துக்கும் ஒரு துண்டு வந்தது.

அதன் பிறகு, அழைப்பு அறையில் வேலை செய்யும் அக்கா என் மேசைக்கு வந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரின் பெயர் போன் பட்டியலில் இல்லை என்றார்.

“எங்கடி டிரைவர் ஐயா? மாசாமாசம் ‘இன்னும் இருக்கேன்மா, பில்லைப் போடு’ன்னு சிரிப்பாரே.”

“அவரு தூங்குறாருக்கா.”

“அந்த மனுஷன் உன்னைவிட முழிப்பா இருக்காரு. பேட்டரி செத்துப்போச்சுன்னா யாருக்குத் தெரியும்?”

“மேல சொன்னாங்க, செஞ்சேன். என்னை விடுக்கா.”

அதன் பிறகு எட்டு மாதம் கழித்து அந்த ஓட்டுநர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மூடாத குழாயின் தண்ணீர் வாசல் வரை வந்ததால் இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்தார். அப்போது உயிர் இல்லை. இந்தக் காவல் நிலையத்தில் அதிகாரி காட்டிய படத்தில் பொத்தான் அவர் கைக்குள் இருக்கிறது. பேட்டரி தீர்ந்திருந்தது. அழுத்தி அழுத்தி மேல்மூடி விரிசல் விட்டிருந்தது.

அதன் பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஓட்டுநர் பெயர் என் கவனக்குறைவால் விடுபட்டது என்று அச்சடித்த தாளை நீட்டினார். “தம்பி படிப்பு முழுக்க நான் பாத்துக்கறேன். ஒரு கையெழுத்துதானே?” என்றார். போடவில்லை. நேற்று வேலையும் போனது. நான் குற்றமற்றவள் என்று சொல்ல வரவில்லை. பட்டியல் என்னுடையது.

சந்தாதாரரே போன் செய்து சொன்னால்தான் கணக்கை முடிப்போம் என்பது விதி. இந்த முதல் தேதியும் ஓட்டுநரிடமிருந்து சந்தா வந்திருக்கிறது. தொடர்பவர் கட்டத்தில் இருக்கிறார்.

மீதி முந்நூற்றுப் பதினொரு பேருக்கு நிறுவனம் இன்னும் போன் செய்யவில்லை. இன்று காலை என் சொந்தப் போனில் முதல் இருபது பேரைக் கூப்பிட்டு, பொத்தானில் விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். ஒன்பது பேர் எரியவில்லை என்றார்கள். ஒருவர் சந்தாவை நிறுத்தச் சொன்னார், குறித்துக்கொண்டேன். நான்கு பேர் எடுக்கவே இல்லை. பட்டியலை இணைத்திருக்கிறேன். அந்த நான்கு முகவரிகளும் முதலில் உள்ளன. என்னை விசாரிப்பது அப்புறம் இருக்கட்டும், அங்கே ஆள் அனுப்புங்கள்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் உண்மை. யாரும் கட்டாயப்படுத்தாமல் கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)