நான்கு-சி வகுப்பின் தண்ணீர் இயந்திரம்

எனக்கு இனிப்புப் பிடிக்காது. தேநீருக்குக்கூடச் சீனி போடுவதில்லை. அந்த வேபர்ஸ் பிஸ்கட்டில் ஒரு துண்டைக்கூட நான் வாயில் வைத்தவள் அல்ல. கம்பனி எனக்கென்று தந்த பெட்டி இன்னும் உடைக்காமல் ஆசிரியர் அறை அலுமாரியில் இருக்கிறது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரும்படி விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்டீர்கள். இருபத்துமூன்று வருடங்களாகப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதப் பழக்கி வருபவள் நான். எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை.

4-சி வகுப்பு மேல்மாடியில் இருக்கிறது. வெள்ளவத்தைக் கடல் கூப்பிடு தூரம்தான், ஆனால் காற்று பக்கத்து அடுக்குமாடியில் முட்டித் திரும்பிவிடும். தலைக்கு மேலே தகரம். மாசி பிறந்தால் பிள்ளைகள் ஒன்பது மணிக்கே போத்தல் தண்ணீரைக் குடித்து முடித்துவிடுவார்கள். பிறகு இரண்டு மாடி இறங்கிக் குழாயடிக்கு ஓட வேண்டும். கீழ்மாடியில் இருக்கும் 4-ஏ வகுப்புக்கு மின்விசிறி வந்தது, புதிய அலுமாரி வந்தது. அந்த வகுப்பின் பஸ்லா டீச்சருடைய கைராசி என்று அதிபர் சொல்லுவார். என் வகுப்புக்கு ஒன்றும் வந்ததில்லை.

அந்த நேரத்தில்தான் ரிம்ஸான் வந்தார். வேபர்ஸ் கம்பனியின் ஆள். கழுத்துப்பட்டி கட்டிய, மரியாதை தெரிந்த பிள்ளை.

"ஆகக் கூட கவர் சேர்க்கிற வகுப்புக்குக் குளிர் தண்ணி மெஷின் ஒண்டு, டீச்சர். நாங்க இத போட்டின்னு சொல்றதில்ல. போஷாக்குத் திட்டம். விட்டமின் எல்லாம் ஈக்கி."

கன்டீனில் விற்கும், நீல நட்சத்திரம் அடித்த உறைகள் மட்டுமே கணக்கில் சேரும். நான்கு வாரம். இன்னொரு நிபந்தனையும் சொன்னார். வேறொரு பாடசாலையில் பிள்ளைகள் உறையை எடுத்துக்கொண்டு வேபர்ஸைச் சாக்கடைக் கானுக்குள் கொட்டி, அந்தப் படம் எல்லோருடைய போனுக்கும் போய்விட்டதாம். "வீசினா எங்களுக்குத்தான் கெட்ட பேர். சாப்பிட்ட கவர மட்டும் எடுங்க டீச்சர்."

கன்டீனில் விற்கக்கூடாத உணவுகளின் சுற்றறிக்கை அதன் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. அதற்கு மேலேயே அவர் தன் சுவரொட்டியை ஒட்டினார். அதிபர் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன்.

ஆரணியைப் பற்றி எழுத வேண்டும். பாமன்கடையிலிருந்து வரும் பிள்ளை. ஒன்பது வயது. ஆறு வயதிலிருந்து அவளுக்குச் சீனி வருத்தம். தவணை தொடங்கிய அன்று அவளுடைய தாய் மயூரி இன்சுலின் பேனையும் ஒரு கடிதமும் கொண்டுவந்து தந்தார். "இடைவேளைக்குச் சாப்பிட முதல் அவளே போடுவாள் டீச்சர். நீங்கள் பக்கத்தில நிண்டால் காணும். ஒரு டொபிகூடக் குடுக்க விடாதேங்கோ."

கடிதத்தில் கவனிக்க வேண்டிய நான்கு விடயங்கள் இருந்தன. அடிக்கடி தண்ணீர் கேட்பது. அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போவது. சோர்ந்து படுப்பது. மூச்சில் கனிந்த பழ வாசனை. இவற்றில் எதைக் கண்டாலும் உடனே அழைக்கும்படி கீழே தொலைபேசி இலக்கம். அழகான கையெழுத்து. கடிதத்தை வரவுப் பதிவேட்டுக்குள்ளும் பேனையை மேசை இழுப்பறைக்குள்ளும் வைத்தேன்.

முதல் இரண்டு வாரமும் பிள்ளைகள் ஆசையோடு தின்றார்கள். மூன்றாம் வாரம் திகட்டிவிட்டது. "மிஸ், மணந்தாலே வயித்தைப் பிரட்டுது," என்றாள் சிவானி. ராகுலன் ஜன்னலருகே சத்தி எடுத்தான். வாங்குவதற்குப் பிள்ளைகள் இருந்தார்கள், தின்பதற்கு இல்லை. வீசவும் முடியாது. 4-ஏ எங்களைவிட அறுபது உறை முன்னால் நின்றது.

வகுப்பில் வேபர்ஸ் திகட்டாத பிள்ளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அவளை நான் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதுகிறேன். மற்றவர்கள் தின்ன மாட்டாமல் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நான் சாப்பிட்டா அம்மாட்டச் சொல்லுவீங்களா மிஸ்?"

"நான் ஏன் சொல்லோணும்?" என்றேன்.

அவள் ஓரத்திலிருந்து கொறித்துக் கொறித்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். பிறகு உறையை விரலால் நீவி மடிப்பில்லாமல் என்னிடம் நீட்டினாள். அவ்வளவு துப்புரவாக வேறு யாரும் தரவில்லை.

"ஆரணி எங்கட வகுப்பு டஸ்ட்பின்," என்றான் ராகுலன். எல்லோரும் சிரித்தார்கள். ஆரணியும் சிரித்தாள். அதற்கு முன் அவள் வகுப்பில் சிரித்து நான் கண்டதில்லை. பிறந்தநாள் கேக் வெட்டும்போதெல்லாம் கடைசி வாங்கில் தனியே இருந்த பிள்ளை. இப்போது எல்லோருக்கும் அவள் தேவைப்பட்டாள். ஒரு குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்று ஆசிரியர்களுக்குத்தான் தெரியும்.

இன்சுலின் பற்றிக் கேட்டீர்கள். கடைசி வாரத்தில் இடைவேளை நேரமெல்லாம் என் மேசையில் பத்துப் பத்தாக அடுக்கிய உறைகள் பரவிக் கிடந்தன. அந்த மேசையின் இழுப்பறை இறுக்கமானது. இழுத்தால் மேசையே ஆடும், அடுக்கு குலையும். "வீட்ட போய்ப் போடு," என்றேன். அவள் மறுத்துப் பேசும் பிள்ளை அல்ல. திங்கள், செவ்வாய், புதன், வியாழன்.

புதன்கிழமை மயூரி அழைத்தார். "காலமை செக் பண்ணேக்க சீனி நல்லா ஏறி நிக்குது டீச்சர். தடிமன் காய்ச்சல் எண்டபடியாலோ தெரியேல்ல. அங்க ஏதும் வாங்கிச் சாப்பிடுறாளோ?"

"இல்லை, வீட்டுச் சாப்பாடுதான்," என்றேன். "ஊசியும் ஒழுங்காப் போடுறா." இன்னும் இரண்டே நாட்கள்தான் இருந்தன. அதற்குள் ஒரு தாயைப் பதறவைப்பானேன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். "அம்மா வீட்ட நிக்கச் சொன்னவ மிஸ். நான் அழுது அடம்பிடிச்சு வந்தனான்," என்றாள் ஆரணி. உதடு வெடித்திருந்தது. ஒன்பது மணிக்குள் நான்கு தடவை கழிப்பறைக்குப் போனாள். வரும் வழியில் குழாயில் வாய் வைத்துக் குடித்திருக்க வேண்டும், சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. பிறகு மேசையில் தலையைச் சாய்த்தாள்.

பத்து மணிக்குச் சிவானி வந்தாள். "மிஸ், ஆரணி எழும்புறா இல்லை. மூச்சு ஒரு மாதிரி வாங்குறா."

போய்க் குனிந்து பார்த்தேன். கனிந்த அன்னாசியின் வாசனை வந்தது. பதிவேட்டைத் திறந்து கடிதத்தை மறுபடி வாசித்தேன். நான்கும் இருந்தன. இலக்கமும் இருந்தது. பத்தரைக்கு உறைகளை எண்ணி எடுக்க ரிம்ஸானின் வான் வரும். இப்போது அழைத்தால் தாய் ஓடி வருவார், அதிபர் மேலே வருவார், இத்தனை உறைகளும் எப்படிச் சேர்ந்தன என்று கேட்பார்கள். கடிதத்தை மடித்து வைத்தேன்.

"களைச்சுப் போனா. நித்திரை கொள்ளட்டும். ஒருத்தரும் எழுப்பக்கூடாது," என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் சொன்ன சொல் கேட்கும் பிள்ளைகள். குசுகுசுத்தபடி உறைகளை எடுத்துத் தந்தார்கள். நான் எண்ணினேன்.

4-ஏ ஆயிரத்து இருநூற்று நாற்பது என்று ஏற்கெனவே கணக்குக் கொடுத்துவிட்டது. எங்களிடம் ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு. நான்கு வாரம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் பட்ட பாடு நான்கே உறைகளால் வீணாகப் பார்த்தது. ஆரணியின் பையைத் திறந்தேன். தமிழ்ப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே, மயிலிறகு வைப்பதுபோல, நீவிய உறைகள் பதினொன்று இருந்தன.

ஏழு உறையால் வென்றோம். மண்டபத்தில் படம் எடுத்தார்கள். படத்தில் நான் இரண்டாவது வரிசையில் நிற்கிறேன். மேலே வந்து மயூரியை அழைக்கும்போது பதினொன்று ஐந்து. ஒரு மணித்தியாலமும் ஐந்து நிமிடமும். ஆஸ்பத்திரியில் அந்த நேரத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை விடிய ஆரணி இறந்துபோனாள்.

இயந்திரம் இப்போது வகுப்பில் இருக்கிறது. பிள்ளைகள் கீழே ஓடுவதில்லை. நல்ல குளிர்ந்த தண்ணீர். நீங்களும் மேலே வந்தால் ஒரு கிளாஸ் குடித்துப் பாருங்கள்.

நீங்கள் எழுதி எனக்குக் காட்டிய விசாரணைக் குறிப்பில் எல்லாம் சரி. எனக்குத் தெரிந்திருந்தது என்பதும் சரி. ஆனால் ஐந்தாவது வரியில், மாணவியின் பையிலிருந்து பதினொரு உறைகளைத் திருடினேன் என்று இருக்கிறது. அவள் விழித்திருந்தால் தானே கொண்டுவந்து தந்திருப்பாள். தயவுசெய்து அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டிவிடுங்கள்.