‘டேங்கர் ஆயா’ பாட்டில் கைதட்டியது நான்

என் கைகள் கொஞ்சம் பெரியவை. புனே பக்கம் எங்கள் தேஹு ரோடு பஜாரில் என் அளவுக்கு வளையல் கிடைப்பது கஷ்டம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெரிய கை தட்டினால்தான் சத்தம் கணீரென்று வரும். ‘டேங்கர் ஆயா’ பாட்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதில் தொடக்கத்திலிருந்து கடைசிவரை கைதட்டுவது நான், ஸ்டெல்லா. எழுதிப் பாடியது என் தங்கை ஜான்சி.

எங்கள் அடுப்படியில், அவள் போனில்தான் பதிவு செய்தோம். கோடையில் தண்ணீர் லாரி வந்ததும் காலனியே குடத்தோடு ஓடுகிறதே, அதுதான் பாட்டு. ‘டேங்கர் ஆயா’ என்றால் இந்தியில் ‘டேங்கர் வந்தாச்சு’. பாதி தமிழ், மீதி இந்தியும் மராத்தியும்.

“அரே அக்கா, சிரிக்காத. தட்டிக்கிட்டே இரு,” என்றாள்.

சிரிக்காமல் இருக்க முடியவில்லை. என் சிரிப்பும் பாட்டில் இருக்கிறது.

பாட்டு வெளியானபின் என் கால் தரையில் பாவவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினால் என் கைதட்டல். போசரி ஃபேக்டரிகளில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களின் போனில் என் கைதட்டல். ஒரு தமிழ்ச் சொல்லும் அறியாத மராத்திப் பிள்ளைகள் கணபதி ஊர்வலத்தில் “குடத்த எடு, குடத்த எடு” என்று ஆடினார்கள். நானும் உள்ளே புகுந்து ஆடி, ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன். அந்தக் கைதட்டல்தான் பாட்டின் உயிர் என்று ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். நானாகச் சொல்லவில்லை.

பிறகு மும்பையிலிருந்து ஒரு கம்பெனி ஜான்சியைக் கூப்பிட்டது. அடுத்த பாட்டை எனக்குப் பாடிக் காட்டினாள். மெதுவான பாட்டு, நன்றாகவே இருந்தது.

“இதுல நான் எங்க தட்டணும்?” என்று கேட்டேன்.

“இதுக்கு வேண்டாம்க்கா. டேங்கரையும் ஸ்டூடியோல திரும்ப எடுக்கப் போறாங்க. கைதட்டுறதெல்லாம் மிஷின்லயே வந்துரும்.”

“அப்ப பழசு?”

“அத எல்லா எடத்துலருந்தும் தூக்கிருவாங்க. நீயும் என்கூட வா, பம்பாயச் சுத்திப் பாக்கலாம்.”

கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் சொன்னாள். கெட்டவள் இல்லை, விவரம் போதாது, அவ்வளவுதான். ஊரே தூக்கிவைத்துக் கொஞ்சுகிற ஒன்றைக் கலைத்துப்போட யாருக்கும் உரிமை கிடையாது, எழுதியவளுக்கும்கூட. அவளிடமிருந்து பாட்டைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

பாடப் போகுமுன் அவளுக்கு மிளகுக் கஷாயம் போட்டுத் தருவது என் வேலை. காரம் ஆகாததால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிடுவாள். மும்பைக்குக் கிளம்பிய காலையில் அதில் கக்கூஸ் கழுவுகிற ஆசிடைக் கலந்தேன். ஸ்டெல்லா பாட்டிலை மாற்றி எடுத்துவிட்டாள் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அது தவறு. பார்த்துத்தான் எடுத்தேன். இனி அவளுக்குப் பேச்சே வராது என்று டாக்டர் சொன்னபோது வீடே அழுதது. நானும் அழுதேன், தங்கை அல்லவா.

கம்பெனிக்காரர்கள் ஒதுங்கிவிட்டார்கள். பாட்டு அப்படியே இருக்கிறது. முன்பைவிட இப்போது அதிகம் பேர் கேட்கிறார்கள். தினமும் ஆஸ்பத்திரியில் ஜான்சியின் கட்டிலருகே உட்கார்ந்து அவளுக்கும் அதைப் போட்டுக் காட்டுகிறேன். தொடங்கியதுமே இரண்டு காதுகளையும் இறுகப் பொத்திக்கொள்வாள். பாடுகிறவர்கள் அப்படித்தான்; காதைப் பொத்திக்கொண்டால்தான் அவர்களுக்குச் சுருதி துல்லியமாகக் கேட்கும்.