எட்டாம் மாதத்தைத் தொட்ட கோடு

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் மகளை அணைத்தபடி இருக்கும் எங்கள் தையல்கார மாமா அவர்களே! வேலை உடுப்போடு ஓடி வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம். ஆலை மேலாளரும் மேடையில் இருக்கிறார். அவருக்கு வணக்கம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதற்காக மன்னிப்பும் கேட்கப்போவதில்லை!

யாரை இழந்திருக்கிறோம்? பாய்லர் அறையின் தலைமைப் பரிசோதகரை, மாமாவின் மனைவியை, நம் கிராஃப் அக்காவை. இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் அளந்ததைப் பார்த்த ஃபிட்டர் நான்.

எதையும் கட்டத்தாளில் புள்ளியாக வைத்துப் பார்த்தால்தான் அக்காவுக்கு மனம் ஆறும். நம் கேன்டீன் அண்ணன் டீயைக் குறைத்துக்கொண்டே வந்தார், நினைவிருக்கிறதா? நாமெல்லாம் முணுமுணுத்தோம். அக்கா வாராவாரம் கிளாஸில் ஸ்கேலை வைத்து அளந்தார். நான்கு வாரம், நான்கு புள்ளி, நான்கும் ஒரே கோட்டில். தாளை அவர் முன்னால் விரித்தார்.

"அண்ணே, வாரத்துக்கு அரை சென்டிமீட்டர் குறையுது. இப்ப ஆறு இருக்கு. இப்படியே போனா பன்னண்டாவது வாரம் வெறும் கிளாஸைத்தான் நீட்டுவீங்க."

"ஏம்மா கட்டம் போட்டு என் மானத்தை வாங்குறே?" என்றார் அவர். ஆனால் அன்று மாலையே டீ விளிம்பு வரை ஏறியது. டீ ஆற்றுகிறவருக்குப் புரிந்த கோடு, கண்ணாடி அறையில் இருக்கும் மேலாளருக்கு ஏன் புரியவில்லை?

முதல் நீராவிக் குழாயின் கதைக்கு வருகிறேன். புதிதாகப் போட்டபோது அதன் தடிமன் பன்னிரண்டு மில்லிமீட்டர். மாதாமாதம் அக்கா அளந்தார். பதினொன்றரை, பதினொன்று, பத்தரை, பத்து. மாதத்துக்கு அரை மில்லிமீட்டர் தேய்மானம். பன்னிரண்டிலிருந்து மாத எண்ணிக்கையில் பாதியைக் கழி, அவ்வளவுதான் சமன்பாடு! எட்டுக்குக் கீழே போனால் குழாயை ஓட்டக்கூடாது என்பது விதி. ஸ்கேலை வைத்துக் கோட்டை நீட்டினார். எட்டாம் மாதத்தில் அது எட்டைத் தொட்டது.

ஐந்தாம் மாதம் அக்கா விடுப்பில் இருந்த நாளில் ஓர் அளவு பதிவானது. பதினொன்றரை! தேய்ந்துகொண்டே போன இரும்பு திடீரென்று வளருமா, தோழர்களே? மேலாளர் புதுக் குழாயின் பன்னிரண்டையும் இந்தப் புள்ளியையும் மட்டும் இணைத்தார். கோடு படுத்துக்கொண்டது. எட்டு மாதக் குழாய்க்கு நாற்பது மாத ஆயுள் வந்துவிட்டது!

"கோடு போட ரெண்டு புள்ளி போதும்மா. பள்ளிக்கூடத்துல படிக்கலையா?" என்றார்.

"ரெண்டு புள்ளி இருந்தா யாரு வேணா கோடு போடலாம் சார். நடுவுல இருக்கிற நாலு புள்ளியும் அதுல உக்காருதான்னு பாருங்க" என்றார் அக்கா. மூன்று முறை எழுதிக் கொடுத்தார். காதில் வாங்கினார்களா? இல்லை!

ஒன்பதாம் மாதம், திங்கட்கிழமை காலை பத்தரை மணி. குழாயில் சீறல் கேட்டது. உள்ளே நின்ற இருவரையும் "வெளிய ஓடுங்கடா!" என்று தள்ளிவிட்ட அக்கா, வால்வை மூடப் போனார். குழாய் வெடித்தது. அந்த இருவரும் உயிரோடு இங்கே நிற்கிறார்கள். அக்கா இல்லை.

இப்போது அறிவிப்புப் பலகையில் வாய் கூசாமல் என்ன எழுதியிருக்கிறார்கள்? "பரிசோதகரின் அளவீட்டுக் கவனக்குறைவு." கவனக்குறைவா? அக்காவுக்கா? அந்தப் பதினொன்றரை எங்கே அளந்தது தெரியுமா? குழாயை வெல்டிங் செய்து பற்றவைத்த மேட்டில், இரும்பு தடித்திருக்கும் இடத்தில். அளந்த கை யாருடையது தெரியுமா?

என்னுடையது.

"அங்க வை" என்றார் மேலாளர், வைத்தேன். "கையெழுத்து போடு" என்றார், போட்டேன். மேடு என்று தெரிந்தேதான் போட்டேன். உட்காருங்கள், தோழர்களே! என்னை அடிக்க வேண்டுமானால் பிறகு அடியுங்கள். மாமா, உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நாளை விசாரணை அறையில் இதே வார்த்தைகளைச் சொல்வேன். வேலை போனால் போகட்டும். அக்காவின் பெயரில் அந்த ஒரு சொல் ஒட்டியிருக்க விடமாட்டேன்.

ஆனால் நாளை வரை காத்திருக்க முடியாத ஒன்று இருக்கிறது. அக்கா இரண்டாம் குழாய்க்கும் ஒரு கோடு வரைந்து வைத்திருந்தார். இன்று காலை நாங்கள் மூவர், பற்றவைப்பைத் தொடாமல், ஆறு இடங்களில் அந்தக் குழாயை அளந்தோம். எட்டுக்கும் கீழே. புள்ளி அக்காவின் கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. நாம் இங்கே மாலை போட்டுக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள்.

மௌன அஞ்சலி பிறகு செலுத்தலாம். நான் பாய்லரை நிறுத்தப் போகிறேன். வருகிறவர்கள் எழுந்து வாருங்கள்!